முறி ராசா, நல்லாய் முறி

முறி ராசா, முறி. என்னைக் கண்டவுடனை ஏன் கையை எடுத்தனீ? படலையடியில ஒரு கிழவன் நிக்கிறான் எண்டு கூச்சப்படாதை. நாடியில ஒரு கையைக் குடு, பிடரியில மற்றக் கையைக் குடு, கண்ணை மூடு, மூச்சை அடக்கு, ஒரு திருப்பு. இடப்பக்கம் மூண்டு விழுந்திட்டுது, வலப்பக்கம் இன்னும் ரெண்டு கிடக்கு. அதையும் எடுத்திட்டு வா, ஆறுதலாய்க் கதைப்பம்.

நான் கரவெட்டியான் மோனை. மகளோட கல்கிசைக்கு வந்து குந்தின நாளிலயிருந்து எனக்கு இஞ்ச ஒரு வேலையும் இல்லை. கண் மங்கல், கால் சோர்வு, காது மட்டும் கூர். நீ கந்தோரால வந்து சப்பாத்தைக் கழட்டின கையோட கழுத்தை முறிக்கிற சத்தம் எங்கட விறாந்தைக்கு வடிவாய்க் கேக்கும். "பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கழுத்து முறியுது, தேத்தண்ணியை வை" எண்டு மகளுக்கு நான்தான் நேரம் சொல்லுறனான். அதால உந்தப் பழக்கத்தை விடச் சொல்லி நான் கேக்கேலாது. எங்கட வீட்டுத் தேத்தண்ணி பிந்திப்போம்.

சத்தத்தில பிழையில்லை எண்டதை முதல்ல ஒத்துக்கொள்ளுறன். எலும்போட எலும்பு தேயுது எண்டு உன்ர அம்மம்மா பயப்பிடுத்தியிருப்பா. அது எலும்பில்லை. மூட்டுக்குள்ள ஒரு வழுவழுத்த நீர் இருக்கு. மூட்டை இழுத்து அகட்டேக்கை உள்ளுக்கு அமுக்கம் குறைஞ்சு, அந்த நீரில கரைஞ்சு கிடந்த வாயு குமிழாய்க் கிளம்புது. அவ்வளவுதான் சரக்கு. ஆனால் குமிழ் உண்டாகேக்கை சத்தமோ, உடையேக்கை சத்தமோ எண்டதில படிச்ச ஆக்களுக்குள்ள இன்னும் பிடுங்குப்பாடு. 1947 இல லண்டன் சென்ற் தோமஸ் ஆஸ்பத்திரியில ரெண்டு பேர் விரலை இழுத்து எக்ஸ்றே எடுத்து, உண்டாகேக்கை எண்டவை. 1971 இல லீட்ஸ்காரர் இல்லை, உடையேக்கை எண்டவை. 2015 இல கனடா அல்பேட்டாவில ஒருத்தற்ற பத்து விரலையும் ஒவ்வொண்டாய் எம்ஆர்ஐ மெசினுக்குள்ள வைச்சு இழுத்து, உண்டாகேக்கைதான் எண்டு படம் பிடிச்சுக் காட்டினவை. 2018 இல பிரான்சில கணக்குப் போட்டவை, இல்லை, அரைகுறையாய் உடைஞ்சாலே சத்தம் வரும் எண்டிட்டினம். எழுவது வருசத்துக்கு மேலாய் ஒரு சொடக்குக்குத் தீர்ப்பில்லை. இதுக்கு அங்கயெல்லாம் காசும் குடுக்கிறாங்கள், பார்.

எல்லாரும் ஒத்துக்கொண்டது ஒண்டு இருக்கு. ஒருக்கா முறிச்ச மூட்டு திரும்ப முறிய இருவது நிமிசம் மட்டில வேணும். வாயு திரும்பக் கரைய வேணுமெல்லே. அதுவரைக்கும் நீ தலைகீழாய் நிண்டாலும் சத்தம் வராது. உனக்கு உது தெரியும் எண்டு நினைக்கிறன். மணிக்கூட்டைப் பாத்துப் பாத்துத்தானே முறிக்கிறாய்.

போன கிழமை போனில ஒரு கதை காட்டினாய், ஞாபகமிருக்கோ? கலிபோர்னியாவில டொனால்ட் உங்கர் எண்டு ஒரு டொக்டர். விரலை முறிக்காதை, மூட்டுவாதம் வரும் எண்டு தாயும், பெரியம்மா சின்னம்மாமாரும், பேந்து மாமியாரும் அந்த மனுசனைப் பிய்ச்சுத் தின்டிருக்கினம். அவர் என்ன செய்தவர்? இடக்கை விரலை நாளுக்கு ரெண்டு தரமாவது முறிச்சு, வலக்கையை முறியாமல் விட்டு, அம்பது வருசம் பாத்திட்டு, 1998 இல வைத்தியச் சஞ்சிகைக்குக் கடிதம் எழுதினவர்: ரெண்டு கையிலயும் வாதமில்லை. 2009 இல அதுக்கு இக் நோபல் பரிசும் குடுத்தவை; சிரிக்கவும் வைச்சுச் சிந்திக்கவும் வைக்கிற ஆராய்ச்சிக்குக் குடுக்கிற பரிசு. மாமியாரை வெல்ல அம்பது வருசம் செலவழிச்ச மனுசன். எனக்கு அவரில நல்ல மரியாதை.

ஆனால் மோனை, ஒண்டை யோசிச்சனியே? அவர் ஏன் கழுத்தை எடுக்கேல்லை? ஒண்டை முறிச்சு மற்றதைச் சும்மா விட்டுப் பாக்க அவரிட்டை ரெண்டு கழுத்து இல்லை. உன்னட்டையும் இல்லை. விரலில ஒரு கோளாறு வந்தால் பிடி தளரும். 1990 இல டெற்றோயிற்றில 300 பேரைப் பாத்த ரெண்டு டொக்டர்மார், முறிக்கிற ஆக்களுக்கு வாதம் கூட இல்லை, ஆனால் கை வீக்கமும் பிடிக்குறைவும் கூட எண்டவை. பிடி தளர்ந்தவன் மம்பட்டியை விட்டிட்டுப் பேனை பிடிக்கலாம். கழுத்தில கோளாறு வந்தால் எதைப் பிடிப்பாய்? உன்ர அம்மம்மா நாவூறு கழிக்கேக்கை உன்ர கன்னத்தை வழிச்சுத் தன்ர நெத்தியில வைச்சு விரலைத்தான் முறிச்சவ. பேரனில எவ்வளவு பட்சம் இருந்தும் கழுத்தை முறிச்சுக் காட்டேல்லை.

கழுத்தைப் பற்றிக் கொஞ்சம் கேள். ஏழு எலும்பு. தெகிவளை மிருகக்காட்சிசாலையில நிக்கிற ஒட்டகச்சிவிங்கிக்கும் அதே ஏழுதான். ஒரு நாள் போய் எண்ணிப் பார், ரிக்கற்காசு நான் தாறன், மிச்சக்காசைக் கொண்டுவா. அந்த எலும்புகளின்ர ரெண்டு கரையிலயும் ஒவ்வொரு ஓட்டை. கீழயிருந்து ரெண்டாவது எலும்பில புகுந்து, அந்த ஓட்டையளுக்குள்ளால ரெண்டு ரத்தக் குழாய் மேல போகுது. மேல உச்சியில, தலை திரும்புற இடத்தில, ரெண்டும் வளைஞ்சு சுத்தித்தான் மண்டைக்குள்ள பூருது. மூளையின்ர பின்பக்கம் அதுகளை நம்பித்தான் இருக்கு: கண் பார்வை, நடை நிதானம், விழுங்கிறது, மூச்சு எல்லாம் அங்கதான். நீ நாடியைப் பிடிச்சுச் சடாரெண்டு திருப்பேக்கை இழுபடுறது அந்த வளைவு.

அந்தக் குழாயின்ர சுவர் வாழைக்குத்தி மடல் மாதிரிப் படை படையாய் இருக்கும். உள்மடலில ஒரு சின்னக் கிழிசல் விழுந்தால் ரத்தம் மடலுக்கும் மடலுக்கும் இடையில புகுந்து வீங்கி வழியை அடைக்கும். இல்லாட்டில் கிழிஞ்ச இடத்தில ரத்தம் உறைஞ்சு, அந்தக் கட்டி கழண்டு மேல போய் மூளைக்குள்ள எங்கையாவது இறுகும். அதுதான் பாரிசவாதம். கிழவருக்கு வாறது எண்டுதானே நினைச்சுக்கொண்டிருந்தனீ? கொழுப்படைச்சு வாறது எங்கட பங்கு. குழாய் கிழிஞ்சு வாறது பெரும்பாலும் உங்கட வயசுக்காரற்ற பங்கு. அம்பது வயசுக்குக் கீழ பாரிசவாதம் வந்தால் டொக்டர்மார் முதல்ல தேடுறதில இதுவும் ஒண்டு.

ஆந்தையைப் பற்றியும் ஒரு கதை இருக்கு. ஆந்தைக்குக் கழுத்தில 14 எலும்பு. தலையை 270 பாகை திருப்பும். அப்பிடித் திருப்பியும் அதுக்கு ஏன் பாரிசவாதம் வாறதில்லை எண்டு அமெரிக்காவில ஜோன்ஸ் ஹொப்கின்ஸ்காரர் 2013 இல பாத்துச் சொன்னவை. அதின்ர எலும்பில இருக்கிற ஓட்டை, குழாயைவிடப் பத்து மடங்கு மட்டில அகலமாம். குழாய் உள்ளுக்கு அசைஞ்சு குடுக்க இடமிருக்கு. மேல போகப் போகக் குழாய் விரிஞ்சு ரத்தத்தைச் சேமிச்சும் வைச்சுக்கொள்ளுதாம். எங்களுக்கு அந்த வசதி ஒண்டும் கட்டித் தரேல்லை. இரவு ரெண்டு மணிவரைக்கும் முழிச்சிருக்கிறதில நீ ஆந்தைக்குச் சமன்தான், மறுக்கேல்லை. கழுத்தில மட்டும் சமனில்லை.

பயப்பிடுத்துறன் எண்டு நினையாதை, நடந்ததைத்தான் சொல்லுறன். 2019 இல ஒக்லஹோமாவில 28 வயசுப் பெடியன் ஒருத்தன் கழுத்து நோகுது எண்டு கையால பிடிச்சு நெட்டி இழுத்தவன். ஒரு சத்தம். கொஞ்சத்தால ஒரு பக்கம் மரத்துப் போச்சு. ஆஸ்பத்திரியில பாத்தால் குழாய் கிழிஞ்சு பாரிசவாதம். அதே வருசம் லண்டனில 23 வயசுப் பெட்டை, அம்புலன்ஸில வேலை செய்யிறவள். படுத்துக்கிடந்து படம் பாக்கேக்கை கழுத்தை நீட்டினதுதான், கையே போடேல்லை. ஒரு பெரிய முறிசத்தம். எழும்பி நடக்கப் பாத்தால் ஒரு கால் வரேல்லை. வருத்தக்காரரை ஏத்திக்கொண்டு திரியிறவளைத் தூக்கிக்கொண்டு போகவேண்டி வந்திட்டுது. ரெண்டு பேரும் உயிர் தப்பினவை.

"அப்பு, லட்சத்தில ஒருத்தருக்கு வாறதைத் தூக்கிக்கொண்டு வந்திட்டியள்" எண்டு சொல்லப் போறாய். சரியாய்த்தான் சொல்லுறாய். கழுத்துக் குழாய் கிழியிறது எல்லாக் காரணமும் சேத்து வருசத்துக்கு லட்சத்தில மூண்டு பேர் மட்டில. தன்ர கழுத்தைத் தானே முறிச்சு வாறது அதிலயும் குறைவு. நாள் முழுக்க முறிக்கிறவை ஆயிரக்கணக்கில சுகமாய்த் திரியினம். ஆனால் நீ கிழமைக்கு ஒரு லொத்தர் ரிக்கற் வாங்கி பேர்ஸுக்குள்ள வைச்சிருக்கிறாய், கண்டனான். லட்சத்தில ஒண்டு தனக்குத்தான் விழும் எண்டு நம்பிறவன், இந்த லட்சத்தில ஒண்டு மட்டும் அயல்வீட்டுக்காரனுக்கு விழும் எண்டு எப்பிடி நம்பிறாய்?

இன்னொரு சங்கதி, இது கொஞ்சம் வில்லங்கமானது. 2014 இல அமெரிக்க இருதயச் சங்கம் கழுத்து முறிக்கிற வைத்தியத்தையும் இந்தக் கிழிசலையும் பற்றி ஒரு அறிக்கை விட்டது. ரெண்டுக்கும் தொடர்பு தெரியுது, இதாலதான் அது எண்டு அறுதியாய்ச் சொல்லேலாது எண்டு எழுதினவை. ஏன் தெரியுமோ? குழாய் கிழியத் தொடங்கினவுடனை முதல் வாறது கழுத்து நோ. அந்த நோவைத் தீர்க்கத்தான் மனுசர் கழுத்தை முறிக்கப் போகினம். எது முந்தி எது பிந்தி எண்டு பிரிக்கிறது கரைச்சல். உனக்கு இதில எடுக்க ஒண்டிருக்கு: முன்னம் ஒருநாளும் வராத மாதிரி, ஒரு பக்கமாய், சடாரெண்டு கழுத்தோ தலையோ நொந்தால், அண்டைக்கு முறிக்கிறதை மட்டும் ஒத்திவை.

சரி, உந்தக் கழுத்து ஏன் முறியச் சொல்லிக் கேக்குது எண்டு பாப்பம். கோட்டையில கோச்சியேறிக் கல்கிசையில இறங்கும்வரைக்கும் போனுக்குள்ள குனிஞ்சுகொண்டு வாறாய். தலை நிமிர்ந்து இருந்தால் அஞ்சு கிலோ மட்டில. 60 பாகை குனிஞ்சால் கழுத்தில விழுற பாரம் 27 கிலோ எண்டு 2014 இல கென்னத் ஹன்ஸ்ராஜ் எண்ட நியூயோர்க் முதுகெலும்பு டொக்டர் கொம்பியூட்டரில கணக்குப் போட்டவர். இஞ்ச கல்கிசையில 1806 இல மாளிகை கட்டின தேசாதிபதி தோமஸ் மெயிற்லண்ட், லொவினா எண்ட ஆட்டக்காரியைப் பாக்கச் சுரங்கம் வெட்டினவர் எண்டு ஒரு கதை. சுரங்கத்துக்குள்ள அவரும் குனிஞ்சுதான் போயிருப்பார். அந்த மனுசன் குனிஞ்சதுக்கு ஒரு முகாந்திரம் இருந்தது. நீ குனிஞ்சு பாக்கிறது ஆரோ ஒருத்தன் மீன் பொரிக்கிறதை.

கரையோரக் கோச்சியில உனக்குச் செலவில்லாத வைத்தியம் ஒண்டு ஓடிக்கொண்டிருக்கு. காலமை கோட்டைக்குப் போகேக்கை கடல் இடப்பக்கம். பின்னேரம் திரும்பி வரேக்கை வலப்பக்கம். போகேக்கை ஒருக்கா, வரேக்கை ஒருக்கா கடலைத் திரும்பிப் பாத்தால் கழுத்து ரெண்டு பக்கமும் சரிசமனாய்த் திரும்பும். வெள்ளைக்காரன் இவ்வளவு கணக்காய்த் தண்டவாளம் போட்டு வைச்சிருக்கிறான். நீங்கள் எல்லாரும் நிலத்தைப் பாத்துக்கொண்டு போறியள்.

முறிச்சால் சுகமாய் இருக்குத்தான், இல்லை எண்டு சொல்லேல்லை. சுத்தியுள்ள தசைநார் இழுபட்டுக் கொஞ்சம் தளருது. ஆனால் பிசியோதெரபிக்காரர் சொல்லுறதைக் கேள்: இறுகிக் கிடக்கிற மூட்டு பெரும்பாலும் அசையாது. ஏற்கெனவே தளர்ந்த பக்கத்து மூட்டுத்தான் உன்ர திருப்புக்கு இளகிச் சத்தம் போடும். வேலை செய்யாதவனை விட்டிட்டு வேலை செய்யிறவனுக்கே மேல மேல அடி. கந்தோரிலயும் உதுதானே நடக்குது எண்டு நீயே முறைப்பட்டனீ. அதாலதான் இருவது நிமிசத்தால அந்தப் பிடிப்பு அப்பிடியே இருக்கு. திரும்பவும் கை நாடிக்குப் போகுது.

கழுத்தை அசைக்காதை எண்டும் நான் சொல்லேல்லை. தன்பாட்டில திரும்பேக்கை டக்கெண்டு ஒரு சத்தம் வந்தால், நோவில்லாட்டில், விட்டுத்தள்ளு. எனக்குத் தலையைத் திருப்பினால் கறகறவெண்டு கேக்கும். டொக்டர் வயசு எண்டவர், காசும் வாங்கினவர். வெள்ளவத்தை இராமகிருஷ்ண மிஷன் மண்டபத்துக்குப் போய் ஒரு அரங்கேற்றம் பார். பத்து வயசுப் பிள்ளை கழுத்தை அட்டமி அடிக்குது, அந்தப் பக்கம் இந்தப் பக்கம், கண்ணும் கூடப் போகுது. ஒரு முறிசத்தம் கேக்குதோ? தன்ர தசையால அசைக்குது, கையால பிடிச்சு முறுக்கேல்லை. உனக்கு அட்டமி வேண்டாம், பாக்கேலாது. நிமிர்ந்து இருந்து நாடியைப் பின்னால இழு, அஞ்சு எண்ணு, விடு. அரை மணித்தியாலத்துக்கு ஒருக்கா கதிரையை விட்டெழும்பு. போனைக் கண்ணுக்கு நேரை தூக்கிப் பிடி. கை நொந்தால் போனை வைப்பாய், அதுவும் நல்லதுதான். இரவில சுடுதண்ணியில பிழிஞ்ச துவாயைப் பிடரியில போடு. கைக்கு நோ இறங்கினால், விரல் விறைச்சால், கழுத்து ஆஸ்பத்திரிக்குப் போகக் கேக்குது எண்டு அர்த்தம்.

முறிச்ச பிறகு ஒருநாள் தலை சுத்தி, கண்ணுக்கு எல்லாம் ரெண்டாய்த் தெரிஞ்சு, நாக்குக் குழறி, ஒரு பக்க இமை விழுந்து, கை கால் தளர்ந்தால் படுத்தெழும்பினால் சரிவரும் எண்டு இருக்காதை. 1990 அடி. சுவசெரிய அம்புலன்ஸ் வரும், காசில்லை. இஞ்சயிருந்து களுபோவில ஆஸ்பத்திரி தூரமில்லை. அடைச்ச கட்டியைக் கரைக்கிற ஊசி போடலாமோ எண்டு டொக்டர்மார் பாக்க நாலரை மணித்தியாலம்தான் தவணை. காலி வீதியில பின்னேரம் ஆறு மணிக்கு ஓட்டோவில ஏறினால் அதில எவ்வளவு போகும் எண்டு உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. மைக்கைக் கழுத்தில வைச்சு முறிசத்தம் கேக்கப்பண்ணுற வீடியோக்காரன் இந்த நம்பரை ஒருநாளும் சொல்லமாட்டான். அவன்ர பரம்பரைக்கு மூத்தவர் டானியல் டேவிட் பாமர். காந்த வைத்தியம் செய்துகொண்டிருந்த மனுசன் 1895 இல அமெரிக்காவின்ர டேவன்போட் நகரத்தில காது கேளாத ஒருத்தற்ற முதுகெலும்பை ஒரு அழுத்து அழுத்தி, காது கேக்குது எண்டு சொல்லித் தொடங்கினது. காது கேக்கிறதால என்னென்ன கரைச்சல் எண்டு என்னைக் கேட்டிருந்தால் அவர் தொடங்கியிருக்கமாட்டார்.

கொக்காவுக்கும் ஒண்டு சொல்லிவிடு. பியூட்டி பார்லரில தலை கழுவேக்கை கழுத்தைப் பின்னால மடிச்சு அந்தப் பேசினில நெடுநேரம் வைச்சிருக்கக் கூடாது. 1993 இல வைன்ட்ராப் எண்ட அமெரிக்க டொக்டர் இதால பாரிசவாதம் வந்த பொம்பிளையளைப் பற்றி எழுதினவர். 2022 இல ஹைதராபாத்தில 50 வயசு மனிசி ஒருத்திக்கும் இதே கதை. கழுத்துக்குக் கீழ ஒரு துவாயை மடிச்சு வைக்கச் சொல்லு. நான் சொன்னது எண்டு சொல்லாதை. போன தீபாவளிக்கு அவவின்ர தலைமயிர்க் கலரைப் பற்றி நான் ஒரு அபிப்பிராயம் சொன்ன நாளிலயிருந்து அவ என்னோட கதைக்கிறதில்லை.

இனி உன்ர சலூன். மயிர் வெட்டி முடிய, தலையில எண்ணெய் தட்டி, ரெண்டு கையாலயும் தலையைப் பிடிச்சு, நீ நினையாத நேரத்தில ஒரு திருப்பு. இதுதான் எல்லாத்திலயும் எனக்குப் பிடிக்காதது. நீயே திருப்பேக்கை நோகத் தொடங்கின இடத்தில கை தன்பாட்டில நிக்கும். அவன்ர கைக்கு உன்ர நோ தெரியாது. 2024 இல கர்நாடகத்துப் பல்லாரியைச் சேர்ந்த 30 வயசுத் தொழிலாளி ஒருத்தனுக்குச் சலூன்காரன் காசு வாங்காமல் தலை பிடிச்சு விட்டுக் கழுத்தைத் திருப்பினவன். வீட்டை போய்ச் சில மணித்தியாலத்தால பேச்சுப் போச்சு, இடப்பக்கம் விழுந்திட்டுது. பெங்களூரில வைச்சுப் பாத்தால் கழுத்தின்ர முன்பக்கக் குழாய் கிழிஞ்சிருக்கு. 2017 இல டில்லிப்பக்கத்தில 54 வயசுக்காரருக்கு வேறை மாதிரி. சலூனில கழுத்தை முறிச்ச பிறகு மூச்சு எடுக்கக் கஷ்டம். நெஞ்சுக்குக் கீழ மூச்சை இழுத்துவிடுற தசை இருக்கே, அதுக்குப் போற நரம்பு கழுத்திலயிருந்துதான் கிளம்புது. அது பழுதாகி, மெசின் வைச்சு மூச்சு விடவேண்டி வந்திட்டுது. இலவசம் எண்டு ஆரும் எதையும் தந்தால் யோசிக்க வேணும் எண்டு உன்ர தேப்பனுக்கும் சொன்னனான், அவன் கேக்கேல்லை.

காலி வீதிச் சலூனில கதிரையில ஏறி இருந்தவுடனை, துணி போர்க்க முன்னம் சொல்லிப்போடு: "மல்லி, பெல்ல கடன்ன எப்பா." தம்பி, கழுத்தை முறிக்காதை எண்டதுக்குச் சிங்களம். வடிவாய்ச் சிரிச்சுக்கொண்டு சொல்லு, கத்தி அவன்ர கையில எல்லே இருக்கு. அவன் ஹட்டன் பக்கத்துத் தமிழ்ப் பெடியன் எண்டால் தமிழிலயே சொல்லு. சொன்ன பிறகும் தலையில கை வைச்சுச் சுழட்ட வெளிக்கிட்டால், மிச்சக்காசைக் கேளாமல் எழும்பி வா. அரைவாசி வெட்டின தலையோட கல்கிசைச் சந்தியால வந்தால் சனம் சிரிக்கும் எண்டு யோசியாதை; மற்ற அரைவாசியை நான் வெட்டிவிடுறன். கரவெட்டியில எங்கட சகோதரங்கள் எல்லாருக்கும் நான்தான் வெட்டினனான். அவையள் ஆரையும் ரெலிபோனில கூப்பிட்டு விசாரிக்க மட்டும் வெளிக்கிடாதை.